வேலிப் பிரண்டை

கல்லடியில் எங்கள் வளவின் பின்வேலியில் ஏறிப் படர்ந்திருக்கும் பிரண்டையை இன்று காலை துவையலுக்காக ஒடித்தேன். நான்கு பட்டையான அந்தத் தண்டு கணுவில் 'டக்'கென்று விலகியது. அப்படி விழும் ஒரு கணுத்துண்டே மாரி மழையில் வேர்விட்டு அடுத்த வேலியைப் பிடித்துவிடும். சிவந்து பழுக்கும் அதன் சிறு பழங்களைத் தின்னும் பறவைகள் விதையை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகின்றன.

ஆப்பிரிக்கா முதல் இந்தியா, இலங்கை வரை வறண்ட நிலங்களில் இயல்பாகவே வளரும் இக்கொடி திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1767இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இலைகள் விரைவில் உதிர்ந்துவிடுவதால் உணவு தயாரிக்கும் வேலையின் பெரும்பகுதியைப் பச்சைத் தண்டே ஏற்கிறது. தண்டிலுள்ள இலைவாய்கள் எனும் நுண்துளைகள் (பெயர்தான் இலைவாய்!) இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்கி அமிலமாகச் சேமித்து வைப்பதனால், பகலில் அவை மூடியிருக்க நீரிழப்புக் குறைந்து, கச்சான் காற்று மணலைக் காயவைக்கும் மாதங்களிலும் அது சதைப்பற்றோடு நிற்கிறது.

முறிந்த எலும்புக்கு இதை அரைத்துக் கட்டும் வழக்கம் சித்த மருத்துவத்தில் உண்டு. துவையலுக்குப் புளி சேர்ப்பது, தண்டிலுள்ள கல்சியம் ஒட்சலேற்றுப் படிகங்களால் வரும் நமைச்சலைத் தணிக்கத்தான். கையில் நல்லெண்ணெய் பூசாமல் ஒடித்ததனால் என் விரல்கள் இதை எழுதும்போதும் அரிக்கின்றன.