டேப்புக்கு இந்தப் பக்கம்: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

ஐப்பசி பாதி கழிந்துவிட்டது. இனி கார்த்திகை முடியும்வரை ஆற்றங்கரை, நான்குவழிச் சாலை, அறுந்த மின்கம்பி என்று எங்கே எது நடந்தாலும் தீயணைப்பு வரும், போலீஸ் வரும், பின்னாலேயே கேமராவும் வரும். சண்டை கடைசி இரண்டு பேருக்கும்தான்.

அந்தச் சண்டையில் இரண்டே சொற்கள்: ‘நகரு’, ‘அழி’. முதல் சொல்லுக்குப் போலீசிடம் சட்டம் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. கேமரா பிடிக்கும் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் நகரச் சொன்னால் மல்லுக்கு நிற்கிறார்கள், அழிக்கச் சொன்னால் பணிந்துபோகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சி.ஆர்.பி.சி. (குற்ற விசாரணை முறைச் சட்டம்) இடத்தில் பி.என்.எஸ்.எஸ். அதில் 172-வது பிரிவு புதிது. குற்றத் தடுப்புப் பணியில் இருக்கும் காவலர் சட்டப்படி சொல்வதற்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். சில்லறை விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். இதுபோக ஆட்சியரோ கோட்டாட்சியரோ போடும் தடையுத்தரவு. ஊர் வாயில் அது இன்னும் ‘144’தான், காகிதத்தில் 163. மீறினால் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி. இடத்தில் வந்த தண்டனைச் சட்டம்) 223. வேலைக்குக் குறுக்கே நின்றால் 221: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தள்ளுமுள்ளில் கை பட்டுவிட்டால் 132, அது இரண்டு வருஷம் வரை போகும். போலீஸ் கட்டிய தடுப்பு டேப்பைத் தூக்கிக் குனிந்து நுழைகிறவர் தன்மேல் வழக்கைத் தானே எழுதிக் கொடுக்கிறார்.

நகரச் சொன்னால் இப்படிக் கேட்டால் போதும்:

“ஏ தம்பி, எங்கடே நிக்க? பின்னால போ.”

“போறேன் சார். எதுவரைக்கும்னு சொல்லுங்க, அங்க நின்னுக்கிடுதேன்.”

அவர் கையைக் காட்டி ஒரு இடத்தைச் சொல்வார். அதன்பிறகு அதுதான் கோடு. அங்கே நின்று எடுப்பவரை மறுபடி விரட்டக் காரணம் தேட வேண்டியது அவர் பாடு.

நவம்பர் 4, செவ்வாய்

பிரஸ் கார்டு பற்றி இரண்டே வரி. படம் எடுக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(அ)-வில் குடிமகனுக்கு இருப்பது, நிருபருக்குத் தனியாக எதுவும் இல்லை. செய்தித்துறை அங்கீகார அட்டை அரசு நிகழ்ச்சிக்கு உதவும். பைக்கில் ஒட்டிய ‘பிரஸ்’ ஸ்டிக்கருக்கு எந்த டேப்பும் திறக்காது. டீக்கடையிலிருந்து ஓடிவந்து போனில் எடுப்பவருக்கும் அதே உரிமைதான், அதே கோடுதான்.

நவம்பர் 6, வியாழன்

தீ என்றால் முதல் அதிகாரம் தீயணைப்பு அலுவலருக்கு. 1985-ஆம் ஆண்டு தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டப்படி, வேலைக்கு இடைஞ்சலாக நிற்பவரை அவர் வெளியேற்றலாம், தெருவையே அடைக்கலாம். குழாயை மிதிப்பதுதான் கேமராக்காரர்கள் அதிகம் செய்யும் தப்பு. வ்யூஃபைண்டரில் கண் இருக்கும்போது கால் எங்கே என்று தெரியாது.

கயத்தாறுக்கும் நாங்குநேரிக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் டேங்கர் கவிழ்ந்தால் மெனக்கெட்டுப் பார்க்க வேண்டியது அதன் பின்புறப் பலகை. 1075 என்றால் சமையல் எரிவாயு, 1203 என்றால் பெட்ரோல். 70-200 லென்ஸில் தூரத்திலிருந்தே எண்ணைப் படித்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் அவர்களுக்கே உதவி. எரிவாயு டேங்கர் தீயில் மாட்டினால் சுற்றிலும் 1.6 கிலோமீட்டர் விலக்கச் சொல்கிறது வட அமெரிக்க அபாயப் பொருள் கையேடு. அதனால் எஸ்.ஐ. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினால் அதை அடக்குமுறை என்று எழுதக் கூடாது. வாயு கசியும் இடத்தில் பிளாஷ் அடிப்பதும், பக்கத்தில் நின்று பேட்டரி மாற்றுவதும் தற்கொலை வேலை.

நவம்பர் 8, சனி

இன்று ‘அழி’.

படத்தை அழிக்கச் சொல்லக் காவலருக்கு அதிகாரம் தரும் பிரிவு பி.என்.எஸ்.எஸ்.-இல் எதுவும் இல்லை. இருப்பது இரண்டு. 94: வழக்குக்குத் தேவையென்று எழுத்தில் கேட்டு வாங்கலாம், போனும் இதில் அடக்கம். 106: திருட்டுப் பொருள் என்றோ, குற்றம் நடந்ததாகச் சந்தேகம் தரும் சூழலில் கிடைத்தது என்றோ இருந்தால் கைப்பற்றலாம். ஆனால் நீதித்துறை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கைப்பற்றுவதை வீடியோவில் பதியச் சொல்கிறது 105. கேட்பதும் கைப்பற்றுவதும் படம் பத்திரமாக இருப்பதற்கு. அழிப்பது நேரெதிர். அந்தப் படம் வழக்கில் சாட்சியமாகக் கூடியது என்றால் அழித்தவர்மேல் பி.என்.எஸ். 238, 241 பாயலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் வேன்மேல் நின்று சுட்டதை உலகம் பார்த்தது கேமரா வழியாகத்தான்.

“எடுத்ததை அழிச்சிரு.”

“அழிக்கச் சொல்லுததுக்குச் சட்டம் இல்ல சார். கேஸுக்கு வேணும்னா மகஜர் போட்டு எடுத்துக்கிடுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

குரல் உயரக் கூடாது, ‘சார்’ விடக் கூடாது. மகஜர் (என்ன கைப்பற்றினோம் என்று எழுதும் பதிவு) என்றதும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், எழுத்து வேலை யாருக்கும் பிடிக்காது. எழுதவே செய்தால் கேமரா வரிசை எண், கார்டின் ஜி.பி., முதல் படம், கடைசிப் படம் எண் இந்த நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். கேமராவைப் பிடுங்கினால் வாரைத் திருப்பி இழுக்காதீர்கள். இழுத்தால் பேச்சு 132-க்குப் போய்விடும்.

போனில் கைரேகை, முகப் பூட்டை அணைத்துவிட்டு ஆறு இலக்க எண்ணில் வையுங்கள். விரலைப் பிடித்து அழுத்த ஒரு நொடி போதும்.

நவம்பர் 9, ஞாயிறு

அழித்தே விட்டார்கள் என்றால்: அந்தக் கார்டில் அதன்பிறகு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. டெலீட் ஆவது பட்டியலில் உள்ள பெயர்தான். படம் அதே இடத்தில் கிடக்கும், மேலே புதுப்படம் விழும்வரை. கார்டை உருவி, எஸ்.டி. கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். வீட்டில் கணினியில் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் போட்டு மீட்கலாம், இலவசம். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் போட வேண்டும். சாதா ஃபார்மேட்டிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும், லோ-லெவல் ஃபார்மேட் (கார்டை முழுதும் துடைப்பது) அடித்திருந்தால் கைவிட வேண்டியதுதான். வீடியோ துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் சரியாக ஒட்டாது. போனின் உள்நினைவகத்திலிருந்து மீட்பது கிட்டத்தட்ட நடக்காது, அதனால் எடுத்தவுடன் தானாக இணையத்தில் மேலேறும்படி வையுங்கள்.

அந்தப் பூட்டை முன்கூட்டியே தள்ளிவிட்டுக் கேமராவைக் கொடுத்தால் அழிக்கும் பொத்தான் வேலை செய்யாது. மைக்ரோ கார்டில் இந்த வசதி இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகும் படம் என்றால் மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து, அன்றே எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) எடுத்து எழுதி வையுங்கள். புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழில் ஹேஷுக்கென்றே கட்டம் உண்டு. ஏ பகுதியைப் படம் தருபவர் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த நேரத் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். கேமராக் கடிகாரம் பத்து நிமிஷம் தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே தீபாவளி.

நவம்பர் 12, புதன்

வெள்ளம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 34 மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய அதிகாரம் தருகிறது: பாதித்த பகுதிக்குள் யார் வரலாம், யார் போகலாம் என்று அதுவே முடிவு செய்யும். தடுத்தால் 51, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு 54. போன வருஷத்து வெள்ளப்படத்தை ‘இப்போது கொக்கிரகுளம்’ என்று போடுகிறவர்கள் கடைசி எண்ணை மனப்பாடம் செய்யட்டும்.

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மேலே நடந்து போய் எடுக்க ஆசை வரும். ரயில்வே சட்டம் 147 அத்துமீறல் ஒருபக்கம், காலடியில் மண் இல்லாதது மறுபக்கம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் மீட்பு நடந்துகொண்டிருந்தபோதே மறுபடி பாறை உருண்டது. விளிம்பில் நிற்கும் கூட்டத்தின் எடையும் அதிர்வும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும்.

ட்ரோன்: ஹெலிகாப்டர் வரும் நாளில் பெட்டியைவிட்டு எடுக்காதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் பக்கம் எந்த நாளிலும் வேண்டாம். அங்கே 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் குறுக்கே வரும், கேமராவைக் கைப்பற்றவும் நியாயம் உண்டு. அங்கேயும் கைப்பற்றத்தான், அழிக்க இல்லை.

நவம்பர் 15, சனி

எடுக்கலாம், போடக் கூடாது என்ற வகை: குற்றத்தால் பாதித்த குழந்தையின் முகம், பெயர், பள்ளி, தெரு (சிறார் நீதிச் சட்டம் 74, போக்சோ 23). பாலியல் வன்முறைக்கு ஆளானவர் அடையாளம் (பி.என்.எஸ். 72). முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டுக் கதவு எண்ணை விட்டுவைப்பதுதான் வழக்கமான சறுக்கல். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள் டீன் அனுமதி இல்லாமல் லென்ஸைத் தூக்காதீர்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

கூட்டிக்கொண்டு போனால்: காரணம் சொல்ல வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 47), சொந்தக்காரருக்குத் தகவல் போக வேண்டும் (48), 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (58). இலவசச் சட்ட உதவிக்கு 15100. நிலையத்துக் கேமராப் பதிவைக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதியும் மணியும் குறித்து உடனே எழுத்தில் கேளுங்கள். நிலையத்தில் புகார் வாங்கவில்லை என்றால் 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷம்வரை அவகாசம், ரிட் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

எல்லாப் புகாரும் தடுக்குவது ஒரே இடத்தில்: செய்தவர் யார்? கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 36. மழைநாளில் பெயர்ப் பட்டை ரெயின்கோட்டுக்குள் போய்விடும். அதனால் போய் இறங்கியதும், வாக்குவாதம் எதுவும் தொடங்குவதற்கு முன்பே, நிற்கும் ஜீப்பின் நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.