வேகப்பந்து பசங்களை வரிசைப்படுத்தும்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பதினாறு வயசுல கிரிக்கெட்ல வேகமா பந்து வீசுற பசங்களுக்குப் பஞ்சமில்லை. டீமுக்கு எடுக்கும்போது யாரை முதல்ல வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. விக்கெட் கணக்கை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மேட்டிங்ல, அதாவது பாய் விரிச்ச பிட்ச்ல, பந்து கூடுதலா எழும்பும், சுமாரான பந்துக்கும் கேட்ச் வரும்.

நான் முதல்ல பார்க்கிறது சீம், அதாவது பந்தோட நடுவுல ஓடுற தையல், நேரா போகுதாங்கிறது. தையலுக்கு ஒரு பக்கம் இருக்கிற பாதியில சுண்ணாம்பு தடவி ஆறு பந்து வீசச் சொல்லுங்க. மணிக்கட்டு பந்துக்குப் பின்னாடி நேரா இருந்தா வெள்ளை ஒரே பக்கம் நிற்கும். விரல் பக்கவாட்டுல வழுக்கினா பந்து பம்பரமாத் தள்ளாடும். டென்னிஸ் பால்ல பழகின பசங்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். அது 60 கிராம்கூட வராது, லெதர் பந்து 156 முதல் 163 கிராம். அந்த எடைக்குத் தோள் பழகாம முழு வேகத்துக்குப் போனா வலி நிச்சயம்.

அடுத்து, பின்கால் தரையிறங்குறதை மொபைல்ல ஸ்லோமோஷன்ல எடுங்க. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்பினா கீழ்முதுகு எலும்புல விரிசல் வர்ற ஆபத்து கூடும். அப்படிப்பட்டவன் எவ்வளவு வேகமா வீசினாலும் என் பட்டியல்ல ரெண்டு இடம் கீழதான், ஆக்‌ஷன் சரியாகுற வரை.

ஆறாவது ஓவர்லயும் பந்து அதே லென்த்ல, அதாவது பிட்ச்ல அதே தூரத்துல, விழுதா? அவனுக்கு மேல இடம் கொடுங்க.

பதினாறுல தேறாதவனை ஒதுக்கிடாதீங்க. பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினது 2021 ஜனவரியில, 29 வயசுல.