ஏசியில் கேஸ் தானாகத் தீராது

ஸ்பிளிட் ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ லீக். வருஷா வருஷம் "டாப்-அப்" போடச் சொல்பவரிடம் முதலில் லீக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் பித்தளை நட்டுகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. சோப்பு நுரை தடவினால் லீக் உள்ள இடத்தில் குமிழ் விடும். எண்ணெய்க் கறையும் படிந்திருக்கும். லீக்கை அடைத்து, வேக்குவம் பம்பு ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ், அதுவும் எடை பார்த்து. அவுட்டோர் யூனிட் லேபிளில் கிராம் கணக்கு இருக்கும்.

குழாயில் பனி படிந்தாலே கேஸ் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபில்டர் அடைத்தாலும் அதே பனிதான். சீசனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து, நிழலில் காயவையுங்கள். வெந்நீர் வேண்டாம், வலை வளைந்துவிடும்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும். வெளிமுனையில் ஈரம் இழுக்கும் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் பெரும்பாலும் போதும்.

புது ஏசி வாங்கும்போது ஸ்டார் லேபிளில் உள்ள வருஷ மின்சார யூனிட்டை அப்படியே நம்பாதீர்கள். அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. சென்னையில் தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாளிலேயே அது முடிந்துவிடும்.