நடந்து போனவர் மீதும் தவறு என்று வாதம் வந்தால்

நடந்து போனவர் மீது வண்டி மோதிய வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்." மோட்டார் விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் அதை ஏற்று அவர் மீது 25 சதவீதம் தவறு என்றால், 12 லட்சம் இழப்பீடு 9 லட்சமாகிவிடும். மருத்துவச் செலவுக்கும் அதே வெட்டு.

பார்த்தவரையில், இந்தச் சதவீதத்துக்கு வித்திடுவது முதல் வாரக் காகிதங்கள். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில், கூட்டி வந்தவர் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள். சில நேரம் அவரே வண்டியை ஓட்டியவர். "வழுக்கி விழுந்தார்" என்று அவர் சொன்னால் வண்டி எண்கூட ஏறாது. குடும்பத்தார் அன்றே விசாரித்து, வண்டி எண், இடம், நேரம், வண்டி வந்த திசை எல்லாவற்றையும் புகாரில் எழுதிவிட வேண்டும். புகார் கொடுக்கத் தாமதமானால் அதற்கான காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள்.

விபத்து இடத்தைக் காட்டப் போலீஸ் போடும் ரஃப் ஸ்கெட்சில் பல நேரம் அளவே இருக்காது. டேப் எடுத்துப் போய்ச் சாலை அகலம், மோதிய இடம் ஓரத்திலிருந்து எத்தனை அடி, ஜீப்ரா கிராசிங் எவ்வளவு தூரம் என்று அளந்து, படமும் எடுத்து வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்றிருக்கும். இடப்புற ஓரத்திலிருந்து கடந்தவர் மீது வண்டியின் வலது முனை மோதியிருந்தால், வண்டியின் அகலத்தை அவர் ஏறக்குறையக் கடந்துவிட்டார் என்று பொருள். ஓட்டுநருக்குப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. இதைப் பலரும் கவனிக்காமலே விட்டுவிடுவது மனதை வருத்துகிறது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும். அதை எடுத்து வைக்கும்படி நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நடந்தவர் மீதும் தவறு உண்டு என்று நிரூபிக்க வேண்டியது, அப்படிச் சொல்லும் தரப்பு. ஓட்டுநரைச் சாட்சியாக விசாரிக்காமல் விட்டிருந்தால் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனுதாரர் பக்கமும் நேரில் பார்த்த ஒருவராவது வேண்டும். விபத்தைப் பார்க்காத மனைவியின் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்காது. சின்னக் குழந்தைகள் மீது பொதுவாகத் தவறைச் சுமத்துவதில்லை.

இழப்பீட்டு மனு போடுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில். குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் தரும் அவகாசம் விபத்து நாளிலிருந்து 6 மாதம். 164-ஆம் பிரிவில் தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. ஆனால் காப்பீட்டு நிறுவனம் சமரசமாகத் தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு செல்லாமல் போகும். கையெழுத்துக்கு முன், தவறுக்கான வெட்டுப் போக 166-இல் எவ்வளவு தேறும் என்று வழக்கறிஞரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.