டிஸ்க் இல்லாமல் எழும்பும் சிபி/எம்

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில் கரண்ட் மூன்று தரம் போய் வந்தது. மூன்று தரமும் என் மேசையில் இருக்கும், இசட்80 என்ற பழைய செயலியில் ஓடும் கணினி போர்ட் தானாக எழும்பி, எதை ஏற்றுவது என்று கேட்டபடி நின்றது. சி எழுத்தைத் தட்டினேன், சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் வந்துவிட்டது. டிஸ்க் எதுவும் இல்லை. முழு இயங்குதளமும் 512 கிலோபைட் கொள்ளும் ஒரு பிளாஷ் சிப்பில் கிடக்கிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்? 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து சில மாதங்களில், புதுக்குடியிருப்பில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். ஓலைக் கொட்டில், வெளியே ஜெனரேட்டர், உள்ளே பழைய கணினிகள் இரண்டு. ஹார்ட் டிஸ்க் பழுது என்பதால் டாஸ் புளொப்பியில் இருந்துதான் எழும்ப வேண்டும். செம்மண் புழுதி விடுமா? படிப்பித்த அக்கா அந்தப் புளொப்பியைத் துணியில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் வைத்திருப்பார். ஒருநாள் அதுவும் வாசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வேறொன்று வரும்வரை வகுப்பே இல்லை.

சரி, சிப்புக்கு வருவோம். இசட்80க்குக் கரண்ட் வந்ததும் அது முகவரி 0 இல் இருந்துதான் வாசிக்கத் தொடங்கும். அப்போது அங்கே ரொம், அதாவது கரண்ட் போனாலும் அழியாத அந்தப் பிளாஷ் சிப், இருந்தாக வேண்டும். ஆனால் சிபி/எம்முக்கு அதே இடத்தில் ரேம், அதாவது எழுதி அழிக்கக்கூடிய, கரண்ட் போனால் மறந்துவிடும் நினைவகம் வேண்டும். 0 இலும் 5 இலும் தனக்கான தாவல் கட்டளைகளை எழுதிவைக்கும், நிரல்களை 256 இல் இருந்து ஏற்றும். இரண்டு பேரும் ஒரே கதிரையைக் கேட்கிறார்கள். அதனால் ரொம்மில் உள்ள நிரல் முதலில் தன் ஒரு பகுதியை நினைவகத்தின் மேல் பாதியில் உள்ள ரேமுக்கு நகலெடுக்கிறது. பிறகு அங்கே தாவி, கீழ்ப் பாதியில் ரொம்மை விலக்கி ரேமை இருத்துகிறது. இதை விளங்கிக்கொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் சிப்பில் ஏற்றியிருப்பது ரொம்டபிள்யூபிடபிள்யூ என்ற, இப்படியான போர்டுகளுக்கான மென்பொருள் தொகுப்பு. சிப்பில் 384 கிலோபைட்டை அது ஒரு டிஸ்க்காகவே காட்டுகிறது. சிபி/எம்முக்கு வித்தியாசம் தெரியாது. கேரி கில்டால் 1974 இல் தொடங்கிய இந்த இயங்குதளத்தில், வன்பொருளோடு பேசும் பகுதி பயோஸ் என்று தனியாக நிற்கிறது. அதற்கு மேலே இருக்கும் பகுதி 128 பைட் கொண்ட ஒரு துண்டைக் கேட்கும், பயோஸ் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுக்கும். புளொப்பியின் காலத்தில் வகுத்த அந்தப் பிரிப்புத்தான் இன்று என் மேசையில் வேலை செய்கிறது. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

முதல் நாள் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. இரண்டு தரம் சிப்பை அழித்து மறுபடி எழுதினேன். அப்புறம் டோர்ச் பிடித்துப் பார்த்தால், 32 கால்களில் ஒன்று சொக்கட்டுக்குள் போகாமல் அடியில் மடிந்து கிடந்தது.

நேற்று என் சொந்த அக்காவின் மகள் இந்தப் போர்டில் ஒரு கதை தட்டினாள். ரொம் டிஸ்க்கில் எழுத முடியாது என்பதால் ரேமின் ஒரு பகுதியை டிஸ்க்காகக் காட்டும் ரேம் டிஸ்க்கில்தான் சேமித்தாள். மூன்றாம் தரம் கரண்ட் போனதோடு கதையும் போனது.

"மாமா, சிபி/எம் மட்டும் ஏன் அழியேல்லை?"

பிளாஷ் சிப்புக்குள் மின்னேற்றம் காப்புப் படலத்துக்குள் அடைபட்டு இருக்கும், கரண்ட் போனாலும் அது வெளியேறாது என்று கொப்பியில் கீறிக் காட்டினேன். அதே மாதிரி அழியாமல் சேமிக்கும் கொம்பாக்ட் பிளாஷ் கார்ட் ஒன்று கைவசம் இருக்கிறது. அவள் கதையை மறுபடி தட்டத் தொடங்கிவிட்டாள், முடிப்பதற்குள் அதைப் பூட்டிவிட வேண்டும்.