கேத் லேப் (ரத்தக் குழாய்ச் சிகிச்சைக் கூடம்) நாட்குறிப்பு: இறுகிப்போன கால் ரத்தக் குழாய்கள்

ஜூன் 3

சர்க்கரை நோயுள்ள பெரியவர். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விகிதம் 1.4-ஐத் தாண்டுகிறது. 0.9-க்குக் கீழே போனால்தானே அடைப்பு என்று மகன் நிம்மதியாகிவிட்டார். அப்படியில்லை. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பிபி பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்கவில்லை. அதனால் வந்த பொய்க் கணக்கு. கால் கட்டைவிரலில் அளந்ததும் குட்டு வெளிப்பட்டது.

ஜூன் 5

அவருக்கு இன்று சிகிச்சை. மறுகால் தொடை இடுக்கில் துளையிட்டு, ஒயரை வளைத்து இந்தப் பக்கம் இறக்கினோம். சாயம் விடும் முன்பே எக்ஸ்ரே திரையில் குழாய் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடாகத் தெரிந்தது. இங்கே சாதா பலூனை வைத்து முரட்டுத்தனமாக ஊதினால் இறுகிய இடம் விரியாது, பக்கத்துச் சுவர் கிழியும். அதனால் அதிர்வலை பலூன். 4 அட்மாஸ்பியருக்கு மெல்ல ஊதி, பொத்தானை அழுத்தினால் விநாடிக்கு ஓர் அலை. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே உத்திதான். நடுவில் ஒடுங்கி நின்ற பலூன் சில சுற்றுகளுக்குப் பிறகு சட்டென்று நேரானது.

“முடிஞ்சுதா தம்பி?” என்றார். மயக்க மருந்தில்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான்.

ஜூன் 9

தொடைக் குழாயில் வைத்த ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) அடைத்துக்கொண்ட அம்மா. பழுது ஸ்டென்டில் இல்லை. காயம் ஆறத் தழும்பு வளர்வதுபோல் உள்ளே சதை வளர்ந்துவிட்டது. அதற்குள் இன்னொரு ஸ்டென்டைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழாய்க்குள் உலோகம் அடுக்கடுக்காகச் சேரும், அடுத்த முறை வேலை இன்னும் கடினம். இன்று எக்ஸைமர் லேசர், அடைப்பைக் கரைக்கும் புறஊதா ஒளி. எல்லோருக்கும் கண்ணாடி. உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க, கதீட்டர் என்ற மெல்லிய குழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகரும்; அவசரப்பட்டால் வழி குறுகலாகத்தான் கிடைக்கும். துணுக்குகள் பாதத்துக்குப் போகாமலிருக்கக் கீழே வடிகட்டி. அப்புறம், சதை மறுபடி வளராமல் தடுக்கும் பேக்லிடாக்ஸெல் மருந்து பூசிய பலூன். இந்த மருந்தால் உயிருக்கு ஆபத்தோ என்று 2018-ல் ஓர் ஆய்வு கிளப்பிய பயத்தை, 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தரவுகள் ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

ஜூன் 10

பலூன் என்றாலே இதயம்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ஆனால் குழாய் வழியாக அடைப்பைத் திறப்பது தொடங்கியதே காலில்தான்: 1964-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்குச் செய்தது. இதயத்துக்குப் பலூன் வந்தது 1977-ல்.

பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்; கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின்; தினமும் நடை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், சிகரெட் பேச்சு வந்ததும் மகனைப் பார்த்தார். அடுத்த மாதம் டூப்ளெக்ஸ் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்).