விட்டு விட்டு இறுகும் ஸ்டீயரிங்

ஜூன் 9, 2024
இரவு, வீட்டுச் சந்தில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் திடீரென்று இறுகிவிட்டது. மீட்டரில் இ.பி.எஸ். என்று மஞ்சள் விளக்கு (அரசியல் இல்லை, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்). சக்கரம் திரும்பத்தான் செய்தது. ஆனால் தோள் வலிக்க இழுக்க வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சமும் அந்த நேரத்தில் ஒரு கணம் மங்கியது. சாவியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரி.

ஜூன் 10
மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகிற மாதிரி, ஒன்றுமே வரவில்லை. பக்கத்து வீட்டு மாமா, "பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊத்துப்பா" என்கிறார். இந்த வண்டியில் ஆயிலே கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மோட்டார். நாம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்பதை டார்க் (முறுக்கு விசை) சென்சார் சொல்ல, கன்ட்ரோல் யூனிட் அதற்கேற்ப மோட்டாருக்குக் கரன்ட் அனுப்பும். அவ்வளவுதான்.

ஜூன் 12
சர்வீஸ் சென்டர். ஸ்டீயரிங் அசெம்பிளி முழுவதையும் மாற்ற வேண்டுமாம். விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். ஸ்கேனரில் என்ன கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) வந்தது என்று மட்டும் கேட்டேன். "சப்ளை வோல்டேஜ் கம்மி, சார்." வோல்டேஜ் குறைவென்றால் முதலில் வயரைத்தானே பார்க்க வேண்டும்? (என்னிடமிருக்கும் புளூடூத் ஸ்கேனர் இஞ்சின் கோடுகளை மட்டும்தான் காட்டும். இதற்கு உதவாது.)

ஜூன் 15
ஹைவேயில் வருவதே இல்லை. ஏசி, ஹெட்லைட் இரண்டும் எரிய, மெதுவாகப் போய் முழுசாகத் திருப்பினால்தான் வருகிறது. மோட்டார் அதிகக் கரன்ட் இழுப்பதும் அப்போதுதான்.

ஜூன் 16
மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி 12.5 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14.1. பழுதில்லை. அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்துக்கொண்டு, தம்பியை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 3-ஐத் தாண்டிக் குதித்தது. "அண்ணா, லைட் வந்துடுச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

பேட்டரி ட்ரேயைக் கழற்றினால், பாடியில் எர்த் வயர் (கரன்ட் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) முடுக்கியிருக்கும் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் பாதி பொடியாகக் கொட்டுகின்றன. ஸ்டார்ட் ஆவதில் மட்டும் ஏன் மக்கரே இல்லை என்பதும் புரிந்தது: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு உதவுவது கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த். அது தனி வயர், நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 17
எலக்ட்ரீஷியன் பாய் கனமான புது வயரில் லக் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) அழுத்தி, பாடியில் பெயின்ட் போய் இரும்பு மின்னும்வரை உப்புத்தாள் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கூலியோடு 350 ரூபாய். மீட்டர் இப்போது 0.1-ஐத் தாண்டவில்லை.

ஜூன் 23
நல்ல மழை. வைப்பர், ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டுக்கொண்டு அதே சந்தில் வேண்டுமென்றே ஒடித்து ஒடித்துத் திருப்பினேன். விளக்கு வரவில்லை. சாயங்காலம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன்: "சார், அசெம்பிளி ஆர்டர் போட்டுடலாமா?" வேண்டாம் என்றேன்.